விளக்கெண்ணெய் ஓட்டிய விமானங்கள்

ஒருவன் மந்தமாக நின்றால் "சரியான வெளக்கெண்ணெய்டா நீ" என்று திட்டுவது நம்மூர் வழக்கம். ஒன்றைக் கவனமாகத் தேடச் சொன்னால் "கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு" என்பார்கள். சின்ன வயதில் மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனால் இதே விளக்கெண்ணெய்தான் ஒரு பத்து வருட காலம் உலகின் மிக வேகமான இயந்திரங்களுக்குள் ஓடியது. முதல் உலகப்போரில் இது கிடைத்தவன் பறந்தான், கிடைக்காதவன் விழுந்தான். அப்புறம் பெரிய விமானங்கள் இதைக் கைவிட்டன, பொம்மை விமானங்கள் எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் யார் வீட்டுப் பரணிலாவது ஒரு பழைய மாடல் விமான எஞ்சின் கிடைத்தால், அது சுற்றாமல் கெட்டியாக இறுகிக் கிடப்பதற்குக் காரணமும் இதே எண்ணெய்தான்.

அந்த இறுகிய எஞ்சினிலிருந்தே ஆரம்பிக்கலாம். எண்ணெய் என்பது வழுக்குவதற்குத்தானே? அது எப்படி ஒரு எஞ்சினைப் பூட்டு போட்டது போல ஒட்டிவிடும்? இதற்குப் பதில் தேடிப் போனால் கதை 1908-ம் வருஷத்து பாரிஸுக்குப் போகிறது.

அந்தக் காலத்து விமான எஞ்சின்களுக்கு இரண்டு தலைவலி. ஒன்று எடை, இன்னொன்று சூடு. கார் எஞ்சினைப் போலத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தால் ரேடியேட்டரும் தண்ணீருமாக எடை ஏறிவிடும். காற்றிலேயே குளிரட்டும் என்று விட்டால், அன்றைய விமானம் போகும் வேகத்துக்கு அடிக்கும் காற்று போதாது. பிரான்சில் லூயி செகாங், லோரான் செகாங் என்று இரண்டு சகோதரர்கள். இதற்கு அவர்கள் ஒரு கிறுக்குத்தனமான வழி கண்டுபிடித்தார்கள். காற்று வந்து எஞ்சின் மேல் படவில்லை என்றால் எஞ்சினையே காற்றில் சுற்ற விட்டால் என்ன?

வழக்கமான எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும், நடுவில் உள்ள கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். செகாங் சகோதரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். கிராங்க் ஷாஃப்ட்டை விமானத்தின் உடம்போடு அசையாமல் பூட்டிவிட்டார்கள். நட்சத்திரம் போல வைத்த ஏழு சிலிண்டர்களும் புரொப்பல்லரோடு சேர்ந்து நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை சுற்றின. இதுதான் க்நோம் ஒமேகா. 50 குதிரைத்திறன், எடை சுமார் 75 கிலோ. சிலிண்டர்கள் வார்ப்பு அல்ல, முழு எஃகுக் கட்டியைக் கடைந்து கடைந்து மெல்லிய சுவராக்கியவை. 1909 ஆகஸ்டில் ரீம்ஸ் நகரத்தில் நடந்த விமானத் திருவிழாவில் ஆன்றி ஃபார்மன் இந்த எஞ்சினைப் பூட்டிக்கொண்டு 180 கிலோமீட்டர் பறந்து தூரப் பரிசைத் தட்டிச் சென்றார். அதற்கப்புறம் ஐரோப்பா முழுக்க க்நோம் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

இப்போது எண்ணெய்ப் பிரச்சினைக்கு வருவோம். சுற்றுகிற எஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படிப் போகும்? அசையாமல் நிற்கும் ஒரே பாகம் கிராங்க் ஷாஃப்ட். அதைக் குழாய் போல உள்ளீடற்றதாகச் செய்து, அதன் வழியாகப் பெட்ரோல் ஆவியும் காற்றும் கிராங்க் கேஸுக்குள் போகும்படி வைத்தார்கள். அங்கேதான் எண்ணெயும் இருக்க வேண்டும். சாதாரண மினரல் எண்ணெயும் பெட்ரோலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், இரண்டும் பூமிக்கடியிலிருந்து வந்தவை. பார்த்த உடனே கலந்துவிடும். பெட்ரோல் ஆவி உள்ளே நுழைந்ததும் எண்ணெயைக் கழுவித் துடைத்துவிடும், அப்புறம் இரும்பும் இரும்பும் உரசி எஞ்சின் காலி.

பெட்ரோலோடு எளிதில் கலக்காத எண்ணெய் ஒன்று வேண்டும். அதே சமயம் கொதிக்கும் சூட்டிலும் நீர்த்துப் போகாமல் கெட்டியாக நிற்க வேண்டும். இரண்டு தகுதியும் ஒன்றாக அமைந்தது ஆமணக்கு விதைக்குத்தான்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் வேதியியல், கொட்டாவி விடாமல் படிக்கவும் :-) மற்ற தாவர எண்ணெய்களில் பலவகைக் கொழுப்பு அமிலங்கள் கலந்திருக்கும். விளக்கெண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற ஒரே சரக்கு. 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி. அதில் 12-வது கார்பனில் ஒரு ஹைட்ராக்ஸில் தொங்குகிறது, அதாவது ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. தண்ணீரிலும் சாராயத்திலும் இருக்கும் அதே ஜோடிதான். இந்த ஒரு கொக்கியால்தான் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, எண்ணெய் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. உலோகப் பரப்போடு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். பெட்ரோலை விலக்குவதும் சாராய வகைகளோடு கூடிக் கொஞ்சுவதும் அதனால்தான். கடைசியில் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இயந்திரத்துக்கு விளக்கெண்ணெய் போடுவது ஒன்றும் பிரெஞ்சுக்காரன் கண்டுபிடிப்பு இல்லை. நம்மூரில் வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் "வண்டி மை" எத்தனையோ தலைமுறைப் பழக்கம். 19-ம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேயிலும் இதுதான் உராய்வைக் குறைக்கும் எண்ணெயாக ஓடியது. லண்டனில் 1899-ல் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவர் ரயில்களுக்கும் இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்கும் கம்பெனி ஆரம்பித்தார். மோட்டார் காரும் விமானமும் வரத் தொடங்கியதைப் பார்த்து, விளக்கெண்ணெய் கலந்த புதுச் சரக்கு ஒன்றை 1909-ல் இறக்கினார். ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில். அதைச் சுருக்கிப் புதுச் சரக்குக்கு வைத்த பெயர்தான் காஸ்ட்ரால். இன்று பைக் சர்வீஸுக்குப் போனால் மெக்கானிக் கையில் இருக்கும் டப்பாவில் எழுதியிருப்பது, கொஞ்சம் உற்றுப் பார்த்தால், விளக்கெண்ணெய் என்றுதான்!

சுற்றும் எஞ்சினில் போட்ட எண்ணெய் திரும்ப வராது. சிலிண்டர் வழியாகப் போய் எரியாமலேயே புகையோடு வெளியே தெறிக்கும். மணிக்குச் சில லிட்டர் எண்ணெய் இப்படிக் காற்றில் கரைந்து போகும். அதில் ஒரு பங்கு விமானி முகத்தில். படங்களில் அந்தக் காலத்து விமானிகள் கழுத்தில் பட்டுத் துணி கட்டிக்கொண்டு பந்தாவாக நிற்பார்களே, அதில் அழகை விட அவசியம் அதிகம். கண்ணாடியில் வழியும் எண்ணெயைத் துடைக்கவும், தலையைத் திருப்பித் திருப்பி எதிரியைத் தேடும்போது காலர் உரசிக் கழுத்து புண்ணாகாமல் இருக்கவும்தான் அது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது அவர்களுக்குப் பழமொழி இல்லை, தினசரி வேலை.

சுவாசத்தோடு உள்ளே போன எண்ணெய் வயிற்றில் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த விமானிகள் பட்ட வயிற்றுத் தொல்லை பற்றிய கதைகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குடலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மூலக்கூறு அளவில் விளக்கம் கிடைத்தது 2012-ல்தான். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் அதைச் சொன்னார்கள். ரிசினோலிக் அமிலம் குடல் தசையில் உள்ள ஈபி3 என்ற ஏற்பியைத் தட்டி எழுப்புகிறதாம். பாட்டிகளுக்கு ஏற்பி தெரியாது, பலன் தெரியும்.

சிரிப்பெல்லாம் இதோடு சரி. 1914-ல் போர் மூண்டதும் விளக்கெண்ணெய் ஒரு போர்த் தளவாடம் ஆகிவிட்டது. பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் சாப்வித் கேமல், நியூபோர்ட் போன்ற விமானங்கள் எல்லாம் சுற்றும் எஞ்சின்கள். ஜெர்மனி பக்கமும் அதே கதை. ஒபருர்செல் என்ற ஜெர்மன் கம்பெனி போருக்கு முன்பே க்நோம் எஞ்சினை உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்தது. 1915-ல் எதிரிகளை நடுங்க வைத்த ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானத்தில் இருந்தது அதே எஞ்சினின் வாரிசு. 1917-ல் வந்த மூன்றடுக்கு இறக்கை ஃபோக்கரில் இருந்ததும் இன்னொரு பிரெஞ்சு எஞ்சினான லெ ரோனின் நகல். இரு பக்கமும் ஒரே குடும்பத்து எஞ்சினைப் பூட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள் என்றால் மிகையில்லை.

வித்தியாசம் எண்ணெயில் இருந்தது. ஆமணக்கு வெப்ப நாட்டுப் பயிர். இந்தியா பிரிட்டன் கையில். கடல் வழி பிரிட்டிஷ் கடற்படையின் கையில். முற்றுகை இறுக இறுக ஜெர்மனிக்கு விளக்கெண்ணெய் வருவது நின்றுபோனது. வோல்டால் போன்ற மாற்று எண்ணெய்களைத் தயாரித்து ஊற்றிப் பார்த்தார்கள். சூட்டில் அவை தாக்குப்பிடிக்கவில்லை. 1918 கோடையில் ஜெர்மன் சுற்றும் எஞ்சின்கள் பறக்கும்போதே சூடேறிப் பிடித்துக்கொள்ளத் தொடங்கின. நடு வானில் எஞ்சின் இறுகினால் விமானி என்ன செய்வான்? அன்றைக்கு ஜெர்மன் விமானிகளுக்குப் பாராசூட்டே அப்போதுதான் மெல்ல மெல்ல வர ஆரம்பித்திருந்தது, பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அதுவும் இல்லை. யோசேஃப் யாக்கப்ஸ் என்ற ஜெர்மன் விமானி, கறுப்புப் பெயிண்ட் அடித்த மூன்றடுக்கு விமானத்தில் பறந்து பேர் வாங்கியவர். எதிரி விமானம் விழுந்து நல்ல சுற்றும் எஞ்சின் கிடைத்தால் கொண்டுவந்து கொடுங்கள், ஒரு பெட்டி ஷாம்பெயின் தருகிறேன் என்று முன்வரிசைச் சிப்பாய்களிடம் சொல்லி வைத்திருந்தார் என்பார்கள். ஒரு எஞ்சினுக்கு ஒரு பெட்டி ஷாம்பெயின். தட்டுப்பாடு வந்தால் விலை எப்படி ஏறும் என்பதற்குப் பாடப் புத்தகத்தில் உருளைக்கிழங்கு உதாரணம் போடுவதற்குப் பதில் இதைப் போடலாம்.

தட்டுப்பாடு ஜெயித்த பக்கத்தையும் விடவில்லை. 1917-ல் போரில் குதித்த அமெரிக்கா, தன் விமானப் படைக்கு எவ்வளவு விளக்கெண்ணெய் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் உலகச் சந்தையில் அவ்வளவு சரக்கே இல்லை. ஆசியாவிலிருந்து ஆமணக்கு விதையைக் கப்பலில் இறக்கி, 1 லட்சம் ஏக்கருக்கு மேல் விதைக்க ஏற்பாடு செய்தார்கள். 1918-ல் ஃபுளோரிடா விவசாயிகள் அரசாங்க ஒப்பந்தத்தை நம்பி ஆமணக்கு போட்டார்கள். நம் ஊரில் வரப்போரம், வேலியோரம், யாரும் தண்ணீர் ஊற்றாமலே முளைத்துக் கிடக்கும் செடிதானே! ஃபுளோரிடாவின் ஈரக்காற்றில் சாம்பல் பூஞ்சை நோய் பிடித்துக் குலை குலையாக அழுகியது. இதற்கிடையில் மினரல் எண்ணெயையே நன்றாகச் சுத்திகரித்து விமானத்துக்கு ஏற்றதாக்கும் வேலையும் நடந்தது. அமெரிக்காவின் புதிய லிபர்ட்டி எஞ்சின் சுற்றும் எஞ்சின் அல்ல, அதற்கு அது போதுமானதாக இருந்தது. போரும் முடிந்தது. பயிர் போட்டவர்கள் கதி என்ன ஆயிருக்கும் என்று நினைத்தால் நம்மூர் ஈமு கோழி ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை.

1920-களில் சுற்றும் எஞ்சின் வழக்கொழிந்தது. எடையுள்ள எஞ்சின் முழுவதும் பம்பரம் போலச் சுற்றும்போது விமானம் ஒரு பக்கம் இழுக்கும், வேகத்தை மேலும் கூட்டவும் வழியில்லை. அதோடு பெரிய விமானங்களில் விளக்கெண்ணெய்க்கு மரியாதை போயிற்று. பந்தயக் கார்களிலும் பைக்குகளிலும் மட்டும் காஸ்ட்ரால் ஆர் என்ற பெயரில் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி பொம்மைகள் பக்கம் போகலாம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பில் பிரவுன் என்ற இளைஞர் கைக்கடக்கமான ஒரு பெட்ரோல் எஞ்சின் செய்தார். பிரவுன் ஜூனியர் என்று அது விற்பனைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கில் பறந்துகொண்டிருந்த மாடல் விமானங்களுக்கு உண்மையான உறுமல் கிடைத்தது. ஆனால் அதற்கு ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர், பேட்டரி என்று ஒரு குடும்பமே கூட வர வேண்டும். எஞ்சின் எடையை விட அதன் சீர்வரிசை எடை அதிகம். 1947-ல் ரே ஆர்டன் என்பவர் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு சின்ன பிளாட்டினக் கம்பிச்சுருள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஒரு பேட்டரியைத் தொட்டுச் சூடாக்கினால் போதும். எஞ்சின் கிளம்பியதும் பேட்டரியைக் கழற்றி எறியலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது அந்த உலோகமே வினையூக்கியாக நின்று சூட்டைக் காப்பாற்றும், கம்பி தானாகச் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டே இருக்கும்.

கவனியுங்கள், இங்கே எரிபொருள் பெட்ரோல் இல்லை, மெத்தனால். சாராய வகை. மினரல் எண்ணெய் மெத்தனாலில் கரையாது, தனியாகப் பிரிந்து அடியில் நிற்கும். இந்தச் சின்ன எஞ்சின்களுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது, எரிபொருளோடு கலந்துதான் எண்ணெய் உள்ளே போக வேண்டும். மெத்தனாலில் ஒழுங்காகக் கரையும் எண்ணெய் எது? அந்த 12-வது கார்பனின் கொக்கி மறுபடி வேலைக்கு வந்தது. 1909-ல் பெட்ரோலோடு சேராத குணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்ணெயை, 1947-ல் மெத்தனாலோடு சேரும் குணத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே குணம்தான். சர்வதேச விமான விளையாட்டு அமைப்பின் கம்பிக் கட்டுப்பாட்டு வேகப் போட்டிகளுக்கு நிர்ணயித்த கலவை 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய்.

இந்த எஞ்சின்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கலிஃபோர்னியாவின் லெராய் காக்ஸ். 1956-ல் அவர் கம்பெனி விட்ட பேப் பீ எஞ்சினின் கொள்ளளவு 0.049 கன அங்குலம், அதாவது 0.8 சிசி. கட்டை விரல் அளவுதான் இருக்கும். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டனையும் சிலிண்டரையும் அவ்வளவு துல்லியமாகக் கடைந்து, நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் நிற்கும்படி செய்திருந்தார்கள். இந்த எஞ்சின் மாட்டிய பிளாஸ்டிக் விமானங்கள் பறக்கத் தயாராகவே பெட்டியில் வந்தன. கிறிஸ்துமஸ் பரிசாகக் கிடைத்த பையன் காலையில் மைதானத்துக்கு ஓடுவான். இரண்டு கம்பி நூலைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டமடிக்க விடுவான். மூன்றாவது சுற்றில் விமானம் தரையில் மூக்கைக் குத்தும். இறக்கை தூள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்பா அதைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைப்பார். அப்புறம் நாற்பது வருஷம் யாரும் திறக்க மாட்டார்கள்.

இந்தியாவிலும் இந்த வாசனை உண்டு. என்சிசி விமானப் பிரிவில் மாடல் விமானம் செய்வது ஒரு பயிற்சி. கல்கத்தாவில் அரோரா என்ற பெயரில் சின்ன டீசல் மாடல் எஞ்சின்களே செய்து விற்றார்கள். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் அவை ஓடின.

சரி, டப்பாவுக்குள் நாற்பது வருஷம் என்ன நடக்கிறது? விளக்கெண்ணெய் சாதாரணமாகக் காய்ந்து இறுகும் வகை இல்லை. ஆளிவிதை எண்ணெயைப் பலகையில் பூசினால் சில நாளில் காய்ந்து படலமாகும், விளக்கெண்ணெய் பிசுபிசுவென்றே கிடக்கும். ஆனால் நன்றாகச் சூடாக்கினால் அந்த 12-வது கார்பனின் ஹைட்ராக்ஸில், பக்கத்து ஹைட்ரஜன் ஒன்றைக் கூட்டிக்கொண்டு தண்ணீராக வெளியேறிவிடும். போன இடத்தில் புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டாகும். ஏற்கெனவே 9-வது கார்பனிலும் ஒன்று இருக்கிறது. இரண்டு இரட்டைப் பிணைப்பு வந்த சங்கிலிகள் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். எண்ணெய் வார்னிஷ் ஆகிவிடும். பெயிண்ட் கம்பெனிகள் இதை வேண்டுமென்றே செய்கின்றன, நீர் நீக்கிய விளக்கெண்ணெய் பெயிண்ட்டுக்கு நல்ல மூலப்பொருள். மாடல் எஞ்சின் தெரியாமல் செய்கிறது. ஓடும்போது சூட்டில் கொஞ்சம் வார்னிஷ் படியும். மீதி எண்ணெய் உள்ளேயே தங்கி, வருஷக்கணக்கில் காற்றுப் பட்டு இறுகும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த அந்த மெல்லிய படலமே பசையாக மாறி இரண்டையும் ஒட்டிவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. பசை பிடித்த எஞ்சின் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஞ்சின். எண்ணெய் ஓடிப்போயிருந்தால்தான் துரு. எனவே பழுப்பு நிறத்தில் அசையாமல் கிடக்கும் எஞ்சினைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது, தூங்குகிறது.

அதைக் கொல்வது எழுப்ப வருகிறவர்கள்தான். புரொப்பல்லரைப் பிடித்து முரட்டுத்தனமாகத் திருகுவது முதல் தப்பு. காக்ஸ் எஞ்சினில் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் ஒரு குண்டு-கிண்ண மூட்டில் சேர்ந்திருக்கும், நம் தோள்பட்டை மாதிரி. பிஸ்டன் ஒட்டியிருக்கும்போது இழுத்தால் மூட்டு தளர்ந்துவிடும். பெரிய எஞ்சின்களில் அலுமினிய ராடு வளையும். சிலிண்டரைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகுவது அடுத்த தப்பு, காற்று பட்டுக் குளிர்வதற்கு இருக்கும் துடுப்புகள் உடையும். அதற்கென்று கம்பெனியே தட்டையான ஸ்பேனர் கொடுத்திருந்தது. மூன்றாவதாக, விபத்தில் உள்ளே போன மண்ணைக் கழுவாமல் சுற்றினால், அத்தனை துல்லியமாகக் கடைந்த சுவரில் உப்புக் காகிதம் தேய்த்த மாதிரி கோடு விழும். அப்புறம் அழுத்தம் நிற்காது, எஞ்சின் என்றைக்கும் கிளம்பாது.

விஷயம் தெரிந்தவர்கள் சூட்டில் ஆரம்பிக்கிறார்கள். சூட்டில் இறுகியது சூட்டில்தான் இளகும். ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ வைத்து, கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, புரொப்பல்லரை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே மெத்தனால் மிச்சம் இருக்கக் கூடாது என்பதும், நெருப்புச் சுடர் பக்கத்தில் ஆகாது என்பதும் சொல்லாமலே தெரியும். பாதிக்கு மேற்பட்ட எஞ்சின்கள் இதிலேயே கண் விழித்துவிடும். அசைந்த பிறகு மெத்தனாலில் ஊற வைத்தால் புதிதாக இருக்கும் பிசுக்கு கரையும். பழைய வார்னிஷ் கரையாது. கோத்துக்கொண்ட சங்கிலிகளுக்கு மெத்தனால் பழைய உறவு, ஆனால் அடையாளம் தெரியாது.

அந்த வார்னிஷுக்கு அமெரிக்க மாடல்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் சமையலறையிலிருந்து வந்தது. 1971-ல் அங்கே க்ராக் பாட் என்ற ஸ்லோ குக்கர் சந்தைக்கு வந்தது. பீன்ஸை நாள் முழுக்க இளஞ்சூட்டில் வேக வைக்கும் மின்சாரப் பானை. அதில் காருக்கு ஊற்றும் கூலண்ட், அதாவது எத்திலீன் கிளைக்கால், ஊற்றி எஞ்சினை மூழ்க வைத்து ராத்திரி முழுக்க வேக விடுவது! கிளைக்காலும் ஆல்கஹால் குடும்பம்தான், இரண்டு ஹைட்ராக்ஸில் உள்ள ஆல்கஹால். மெத்தனால் 65 டிகிரியில் கொதித்து ஓடிவிடும், கிளைக்கால் 197 டிகிரி வரை தாங்கும். கொதி நிலைக்குக் கீழே மணிக்கணக்கில் சூட்டோடு நின்று மெல்ல மெல்ல ஊடுருவும். கூலண்ட் என்பது அலுமினிய எஞ்சினுக்குள் ஓடுவதற்காகவே செய்த சரக்கு என்பதால் உலோகத்தைத் தின்னாது. காலையில் எடுத்து ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பழுப்புத் தோல் உரிந்து வெள்ளி போல வரும்.

இதே வேலையை அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடா கலந்த சரக்கு பத்தே நிமிஷத்தில் செய்யும் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். பிசுக்கு போகும், கூடவே எஞ்சினும் போகும்.

கூலண்ட் முறையில் விஷயம் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும் ஆபத்து இருப்பதால் வீட்டுக்கு வெளியே, மூடி போட்டு, ஆள் பார்வையில் செய்ய வேண்டும். அந்தப் பானையில் மறுபடி சாம்பார் வைக்கக் கூடாது, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும். வேக வைப்பதற்கு முன் ரப்பர் வளையம், கேஸ்கட், பிளாஸ்டிக் பாகம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சாயமேற்றிய அலுமினிய பாகங்கள் நிறம் மங்கலாம். வெளியே எடுத்ததும் வெந்நீரில் அலசி, உலர்த்தி, உடனே எண்ணெய் போட வேண்டும். நாற்பது வருஷம் வார்னிஷ் போர்வைக்குள் பத்திரமாக இருந்த எஃகு பால் பேரிங், போர்வையை உருவிய ஒரே இரவில் துருப்பிடித்துவிடும்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். எரிபொருளை அளந்து விடும் ஊசி வால்வின் துளை குண்டூசி முனையை விடச் சின்னது, அதில் வார்னிஷ் அடைத்தால் எஞ்சின் இரண்டு வினாடி கத்திவிட்டு நின்றுவிடும். பேப் பீயின் பின்பக்கம் இருக்கும் ரீட் வால்வு மெல்லிய தகடு. அதன் கீழ் ஒரு துளி பிசுக்கோ ஒரு நூல் இழையோ இருந்தாலும் மூடாது. ஊசியைக் கொண்டு துளையைக் குத்துவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை, துளை பெரிதாகி எஞ்சின் வீணாகும். காற்றோ கரைப்பானோ அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை தரும் எண்ணெயை ஏன் தூக்கிப் போடவில்லை? தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள். 1970-களில் பாலிஆல்கிலீன் கிளைக்கால் வகைச் செயற்கை எண்ணெய்கள் மாடல் எரிபொருளில் பரவின. மெத்தனாலில் அழகாகக் கரையும், வார்னிஷ் விடாது, எஞ்சின் பளபளவென்று இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஊசியைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் எரிபொருள் குறையும், அதோடு எண்ணெயும் குறையும், சூடு எகிறும். அந்தச் சூட்டில் செயற்கை எண்ணெய் எரிந்து மறைந்துவிடும், பிஸ்டன் வெறும் சுவரில் உரசும். விளக்கெண்ணெய் அப்படி ஓடாது. சூடு ஏற ஏற அது கெட்டிப்பட்டு உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பின்னால் வார்னிஷாக இறுகுவதும், ஆபத்து நேரத்தில் எஞ்சினைக் காப்பாற்றுவதும் ஒரே வேதிவினையின் இரண்டு முகம். வானத்தில் இருக்கும்போது ஊசியைத் திருத்த முடியாது என்பதால், தப்பு செய்யும் வாய்ப்புள்ளவர்களுக்கு விளக்கெண்ணெய்தான் லாபம். தப்பு செய்யாதவர் யார்? அதனால்தான் இரண்டையும் கலந்த எரிபொருள் வழக்கமாயிற்று. பழைய காக்ஸ் எஞ்சின்களுக்கு மட்டும் 20 சதவீத எண்ணெய், அதில் பாதியாவது விளக்கெண்ணெய் இருக்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் பிடிவாதமாகச் சொல்கிறார்கள். அந்தக் குண்டு-கிண்ண மூட்டுக்கு மெல்லிய செயற்கை எண்ணெய் போதாது.

காக்ஸ் கம்பெனி 1996-ல் எஸ்டஸ் என்ற பொம்மை ராக்கெட் கம்பெனியின் கைக்குப் போனது. இன்று மாடல் விமானங்களில் பெரும்பாலானவை பேட்டரியில் பறக்கின்றன, சத்தமும் இல்லை, பிசுக்கும் இல்லை, ராத்திரி முழுக்க வேக வைக்கும் வேலையும் இல்லை. ஆனாலும் பரணிலிருந்து எடுத்து வேக வைத்த ஒரு பேப் பீயில் புது எரிபொருள் ஊற்றி, பேட்டரியைத் தொட்டு, ஸ்பிரிங்கைச் சுற்றி விட்டால் முதலில் வெளியே தெறிப்பது கறுப்புத் துளிகள். உள்ளே மிச்சமிருந்த ஐம்பது வருஷத்து அழுக்கு. அது பழுப்பாகி, மஞ்சளாகி, தெளிந்த எண்ணெயாக வர ஆரம்பிக்கும்போது எஞ்சின் கொசு மாதிரி ஒரே சீராகக் கத்தும். அந்த இடம் முழுக்க விளக்கெண்ணெய்ப் புகை. ஓட்டியவர் டேங்கைக் காலியாகும் வரை ஓடவிட்டு, எரிபொருள் முழுக்கத் தீர்ந்ததும் நாலு சொட்டு மெல்லிய எண்ணெயை உள்ளே விட்டு, கையால் பத்துத் தடவை சுற்றி, துணியில் சுருட்டி வைக்கிறார்.